ஜாவா நிரலுக்குள்ளே ஒரு குட்டி வெப் சர்வர்



சர்வர்னு சொன்னா நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு ஹோட்டல்ல இட்லி கொண்டு வர்றவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இன்னும் கொஞ்சம் வயசானவங்களுக்கு 1964ல வந்த சர்வர் சுந்தரம் நாகேஷ். கணினி சர்வரும் கிட்டத்தட்ட அதே வேலைதாங்க செய்யுது. நாம கேட்கிறோம், அது உள்ளே போய் எடுத்துட்டு வந்து வைக்குது. வித்தியாசம் என்னன்னா, வழக்கமா நாமதான் ஹோட்டலுக்குப் போகணும். அந்த சர்வரை நம்ம வீட்டு அடுப்படிக்கே கூட்டிட்டு வந்துட்டா? அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் ஜாவா தெரிஞ்சா போதும், தெரியலைன்னாலும் பரவாயில்லை, கதை புரியும் :-)

முதல்ல வழக்கமான முறை

காலேஜ்ல ஜாவா வெப் பாடம் எடுத்தா முதல் நாளே டாம்கேட்டை இறக்கி நிறுவச் சொல்வாங்க. சன் நிறுவனத்துல ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுத ஆரம்பிச்சது அது. 1999ல அப்பாச்சிக்குக் கொடுத்துட்டாங்க. நாம எழுதுற நிரலை வார் கோப்பா கட்டி அதோட வெப்ஆப்ஸ் ஃபோல்டர்ல போடணும். டாம்கேட் அதை எடுத்து ஓட்டும். அதாவது சர்வர்தான் வீட்டுக்காரர், நம்ம நிரல் வாடகைக்கு வந்த ஆள்.

இதைத் தலைகீழா யோசிச்சவங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுல கிரெக் வில்கின்ஸ் 1995ல எழுத ஆரம்பிச்ச ஜெட்டிதான் இதுல பேர் வாங்கினது. உங்க நிரலைக் கொண்டு வந்து எங்க சர்வர்ல வைக்காதீங்க, எங்க சர்வரை எடுத்து உங்க நிரலுக்குள்ள வச்சுக்குங்கங்கிறதுதான் அவங்க கொள்கை. இப்போ சர்வர் ஒரு லைப்ரரி. மத்த ஜார் கோப்புகளோட அதுவும் ஒண்ணு. நம்ம நிரலை ஆரம்பிச்சா அது ஆரம்பிக்கும், நிறுத்தினா நிக்கும். 2014ல ஸ்பிரிங் பூட் வந்த பிறகு இதுவே வழக்கமாயிருச்சு. அதுல டாம்கேட்டே உள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்.

நீங்க தெரியாமலே இதைப் பார்த்திருப்பீங்க. மைன்கிராஃப்ட் விளையாடுற பசங்க டைன்மேப்னு ஒரு செருகுநிரல் போடுவாங்க. உலாவியில 8123ஆம் போர்ட்டைத் திறந்தா விளையாட்டு உலகமே வரைபடமாத் தெரியும். உள்ளே ஓடுறது ஜெட்டி. ஜென்கின்ஸும் அப்படித்தான். ஒரே ஒரு வார் கோப்பு, ஒரு ஜாவா கட்டளை, அவ்வளவுதான், 8080ல வந்து நிக்கும்.

நம்ம பக்கத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. 1996ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு 2009ல ஸோஹோன்னு பேர் மாத்தின கம்பெனி, 2011ல தென்காசி பக்கம் மத்தளம்பாறையில அலுவலகம் போட்டாங்க இல்லையா, அவங்களோட மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள்ல சொந்தக் கணினியில நிறுவுற வகையைப் பாருங்க. சர்வீஸ்டெஸ்க் பிளஸை நிறுவினா டாம்கேட்டும் டேட்டாபேஸும் பெட்டிக்குள்ளயே வந்துரும். வாங்கின ஆபீஸ்ல யாரும் தனியா சர்வர் நிறுவ வேண்டியதில்லை. உலாவியைத் திறந்து 8080ன்னு போட்டா வேலை ஆரம்பம். குற்றாலத்துக்குப் போற வழியில இருக்கிற கட்டடத்துக்கும் நான் மணிமுத்தாறுல உட்கார்ந்து எழுதின 900 வரி நிரலுக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்குன்னு நினைச்சா கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு (சிரிக்காதீங்க).

எனக்கு எதுக்கு இது?

எங்க அம்மா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுல ஊக்குநர். 1989ல தர்மபுரியில ஆரம்பிச்சு, 1997-98ல மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவின அந்தக் குழுக்கள்தான். அம்மா குழுவுல 14 பேர். மாசச் சந்தா, உள்கடன், வட்டி, தவணை, பேங்க் கடன் எல்லாம் பெரிய பேரேட்டுல கையால எழுதணும். வட்டிக் கணக்கு போடவே ஒரு ராத்திரி ஆகும். அம்மா கேட்டாங்கன்னு ஸ்விங்ல ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸுக்கு ஹெச்2. வட்டி தானாக் கணக்காகும், மாசக் கடைசியில அச்செடுக்கலாம். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

குழுவுல மத்தவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

காரணம் ரொம்ப நியாயமானது. பேரேடு கூட்டத்துக்கு நடுவுல பாய் மேல கிடக்கும். யார் வேணும்னாலும் எடுத்துப் புரட்டலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க கூட தன் பேருக்கு நேரே இருக்கிற தொகையைக் கண்டுபிடிச்சுருவாங்க. இப்போ பேரேடு ஒப்புக்கு இருக்கு, உண்மையான கணக்கு லேப்டாப்ல இருக்குன்னு ஆயிருச்சு. லேப்டாப் யார் கையில? ஊக்குநர் மகன் கையில. எங்க தெருவுல இருக்கிற ஒரு பெரியம்மா கூட்டத்துல நேராவே கேட்டாங்க.

"நோட்டுன்னா நாங்களே புரட்டிப் பாத்துக்கிடுவோம். இதை யாரு புரட்ட? நீ காட்டுனாதான நாங்க பாக்க முடியும்?"

அம்மா அன்னிக்கு வீட்டுக்கு வந்து சரியாச் சாப்பிடலை. பதினோரு வருஷமா ஒரு ரூபா பிசகாமக் கணக்கு வச்சிருந்தவங்க. "கம்ப்யூட்டரை நிறுத்திரலாமாய்யா"ன்னு கேட்டாங்க. திருட்டுன்னு யாரும் சொல்லலை. ஆனா நாளைக்கு ஒரு நூறு ரூபா வித்தியாசம் வந்தாலும் அந்த வார்த்தை வந்துரும்னு அம்மாவுக்குத் தெரியும். குழு ஓடுறதே நம்பிக்கையிலதான்.

எனக்கும் புரிஞ்சுது. கணினிக்குப் போன கணக்கு திரும்பப் பாய் மேல வரணும். 14 பேர்ல பத்துப் பேர் வீட்டுல ஸ்மார்ட்ஃபோன் இருக்கு. அதுல தெரியணும். ஆனா குழுக் கணக்கை எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி கணினியில ஏத்தி, அதுக்கு மாச வாடகை கட்டி... அது வேண்டாம்னு தோணுச்சு. அதோட எங்க ஊர் மாஞ்சோலை மலை அடிவாரம். மழை காத்து அடிச்சா நெட் எப்போ போகும், எப்போ வரும்னு சொல்ல முடியாது. ஒரே அறையில உட்கார்ந்திருக்கிற 14 பேர் ஒருத்தருக்கொருத்தர் கணக்கு காட்ட அமெரிக்காவோ சிங்கப்பூரோ போயிட்டு வரணுமா என்ன?

ஏன் தனி சர்வர் இல்லை?

அதே லேப்டாப்ல டாம்கேட் போடலாமேன்னு கேட்பீங்க. ஒரு சிக்கல். ஹெச்2வை உட்பொதிஞ்ச முறையில பயன்படுத்தினா ஒரு நேரத்துல ஒரு ப்ராசஸ்தான் அந்தக் கோப்பைத் திறக்க முடியும். ஸ்விங் நிரல் திறந்து வச்சிருக்கும்போது டாம்கேட் போய்க் கேட்டா, ஏற்கனவே பயன்பாட்டுல இருக்குன்னு பதில் வரும். இதுக்கு ஹெச்2லயே கலப்பு முறைன்னு ஒரு வழி உண்டு. ஆனா அம்மா கூட்டத்துக்கு முன்னாடி டாம்கேட்டை ஆரம்பிக்கணும், முடிஞ்சா நிறுத்தணும்னு சொல்லிக் கொடுக்கிறது ஆகிற காரியமா? ஒரு ஐகானை ரெண்டு தடவை தட்டினா எல்லாம் வரணும்.

ஆக, சர்வர் நிரலுக்குள்ளயே இருக்கணும். அதே ப்ராசஸ், அதே டேட்டாபேஸ் இணைப்பு. அம்மா இந்தப் பக்கம் வரவு வச்ச அடுத்த நொடி அந்தப் பக்கம் ஃபோன்ல தெரியும்.

எப்படிச் செய்யிறது?

ஜெட்டி கூட தேவைப்படலை. 2006 டிசம்பர்ல வந்த ஜாவா 6லேர்ந்தே ஹெச்டிடிபிசர்வர்னு ஒரு குட்டி சர்வர் ஜாவாவோடயே வருது. பலருக்கு அது இருக்கிறதே தெரியாது. வேலை நாலே படி. ஒண்ணு, எந்த முகவரி, எந்த போர்ட்னு சொல்லி சர்வரை உருவாக்கணும். ரெண்டு, எந்தப் பாதைக்கு யார் பதில் சொல்றதுன்னு ஒரு ஹேண்ட்லரை இணைக்கணும். மூணு, கேள்விகளை எத்தனை த்ரெட் கவனிக்கணும்னு சொல்லணும். நாலு, ஆரம்பிக்கணும். போர்ட்னா என்னன்னு அம்மா கேட்டப்போ அணையைத்தான் காட்டினேன். 118 அடி தண்ணி நின்னாலும் மதகைத் திறந்தாதான் கால்வாய்க்கு வரும். 8080ங்கிறது ஒரு மதகோட நம்பர், அவ்வளவுதான்.

இதுல மூணு விஷயம் கவனிக்கணும்.

முதலாவது, தமிழ். பதில் அனுப்பும்போது எத்தனை பைட்னு முன்கூட்டியே சொல்லணும். எழுத்துகளை எண்ணிச் சொன்னா தப்பாயிரும். 'அம்மா'ங்கிற சொல் நமக்கு மூணு எழுத்து. யூனிகோடுல அ, ம, புள்ளி, ம, கால்னு அஞ்சு குறியீடு. யுடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக பதினஞ்சு. ஸ்ட்ரிங்கோட நீளம் அஞ்சுன்னு சொல்லிட்டுப் பதினஞ்சை அனுப்பினா சர்வர் ஒத்துக்காது. ஆங்கிலத்துல எழுதிப் பார்க்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது. அதனால பல பாடங்கள்ல இதைச் சொல்றதும் இல்லை. இன்னொண்ணு, 2022 மார்ச்ல வந்த ஜாவா 18லதான் யுடிஎஃப்-8 எல்லா இடத்துலயும் இயல்பா ஆச்சு. அதுக்கு முந்தின ஜாவாவுல, விண்டோஸ் கணினியில, குறிமுறையைச் சொல்லாம விட்டா 'அம்மா' அஞ்சு கேள்விக்குறியா வந்து நிப்பாங்க.

ரெண்டாவது, த்ரெட். ஒண்ணும் சொல்லாம விட்டா இந்த சர்வர் எல்லாக் கேள்விக்கும் ஒரே த்ரெட்ல வரிசையாப் பதில் சொல்லும். ரேஷன் கடையில ஒரே பில் மெஷின் மாதிரி. முன்னாடி நிக்கிறவர் கைரேகை விழலைன்னா பின்னாடி எல்லாரும் நிக்க வேண்டியதுதான். 2023 செப்டம்பர்ல வந்த ஜாவா 21ல விர்ச்சுவல் த்ரெட் இருக்கு, கேள்விக்கு ஒண்ணுன்னு கொடுத்துடலாம். பழைய ஜாவான்னா நாலு த்ரெட் தாராளம்.

மூணாவது, ஸ்விங். சர்வர் த்ரெட்லேர்ந்து திரையில இருக்கிற பொத்தானையோ பட்டியலையோ நேராத் தொடக் கூடாது. ஸ்விங்குக்குன்னு இருக்கிற த்ரெட்கிட்ட வேலையை ஒப்படைச்சுட்டு ஒதுங்கிடணும். சர்வர் டேட்டாபேஸை மட்டும் படிச்சா இந்தத் தொல்லையே இல்லை. நான் அப்படித்தான் வச்சேன்.

யார் பார்க்கலாம்?

எழுதறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட திட்டத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"ஏல, அப்போ ரோட்டுல போறவனும் பாத்துருவானால?"

நெட்வொர்க் படிச்ச யாரும் இதை விடச் சுருக்கமாக் கேட்க முடியாது. சர்வருக்கு முகவரி கொடுக்கும்போது 127.0.0.1ன்னு கொடுத்தா அந்தக் கணினியைத் தவிர வேற யாராலயும் பார்க்க முடியாது. முகவரியே சொல்லாம போர்ட்டை மட்டும் கொடுத்தா 0.0.0.0, அதாவது எந்த வழியா வந்தாலும் கதவு திறந்திருக்கும். ஜாவா 18ல சோதனைக்குன்னு ஜேவெப்சர்வர்னு ஒரு கட்டளையும் கொடுத்தாங்க. அது இயல்பா உள்முகவரியில மட்டும்தான் கேட்கும். வெளியே திறக்கணும்னா நீங்களா வாயைத் திறந்து சொல்லணும். நல்ல பழக்கம் அது.

எங்களுக்கு வெளியே திறந்துதான் ஆகணும். ஆனா எவ்வளவு திறக்கிறதுன்னு நாங்க முடிவு பண்ணலாம் இல்லையா? அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசினோம். குழுக்குள்ள கடன் ரகசியம் இல்லை. யாருக்கு எவ்வளவுன்னு கூட்டத்துலயே தீர்மானம் போட்டுத்தான் கொடுக்கிறாங்க. ஆனா யார் எத்தனை தவணை பாக்கிங்கிறது அந்த அறையைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டு மாமியாருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ தெரிஞ்சா அதுல மானப் பிரச்சினை இருக்கு.

அதனால என் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை, டேட்டாவை அணைச்சுட்டு, கூட்ட நேரத்துக்கு மட்டும் போடறது. கடவுச்சொல்லை ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாத்துறது. குழுவோட மொத்த வரவு செலவு எல்லாருக்கும் தெரியும். தனிக் கணக்குக்கு ஆளுக்கு ஒரு நாலு இலக்க எண். மூணு தடவை தப்பாப் போட்டா அந்தக் கூட்டம் முழுக்கப் பூட்டு.

முகவரிப் பட்டையில உறுப்பினர் எண்ணை வைக்கவே இல்லை. ஏன்னா அங்கே 7ன்னு இருந்தா 8ன்னு மாத்திப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். பெரிய பெரிய தளங்கள்லயே இந்த ஓட்டை வழியாத் தகவல் வெளியே போயிருக்கு. உள்ளே நுழைஞ்சது யார்னு சர்வர்தான் ஞாபகம் வச்சிருக்கணும், உலாவி சொல்றதை நம்பக் கூடாது. ஃபோன்லேர்ந்து படிக்க மட்டும்தான் முடியும். எழுதறது லேப்டாப்ல, எல்லார் கண் முன்னாடி.

முதல் கூட்டம்

192ல ஆரம்பிக்கிற முகவரியை யார் தட்டச்சு பண்றது? ஸிக்ஸிங்னு ஒரு ஜாவா லைப்ரரி இருக்கு, க்யூஆர் கோடு வரையும். லேப்டாப் திரையில பெருசாக் காட்டினேன். பூக்கடையிலயும் மீன்கடையிலயும் ஸ்கேன் பண்ணிப் பண்ணி எல்லாருக்கும் பழக்கம்தான். ஆளுக்கொரு பக்கம் ஃபோனை நீட்டினாங்க. 'இந்த நெட்வொர்க்ல இணையம் இல்லை'ன்னு ஃபோன் மிரட்டும், பரவாயில்லைன்னு தட்டணும். அதை மட்டும் ஒவ்வொருத்தருக்காப் போய்ச் சொல்ல வேண்டியிருந்துது. ஃபோன் இல்லாதவங்க பக்கத்துல இருந்தவங்க ஃபோனைப் பகிர்ந்துக்கிட்டாங்க.

அஞ்சு நிமிஷத்துல ஒரு அக்கா கை தூக்கினாங்க. அவங்க பாஸ்புக்ல இருக்கிற ஒரு 500 ரூபா தவணை ஃபோன்ல இல்லை. அறையே அமைதியாயிருச்சு. அம்மா முகத்தைப் பார்க்க எனக்கே பயமா இருந்துது. விசாரிச்சா, ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல அந்தப் பணத்தைக் குழுப் பிரதிநிதி கையில கொடுத்திருக்காங்க. அவங்க பாஸ்புக்ல எழுதிட்டாங்க, பேங்க்லயும் கட்டிட்டாங்க. பேரேட்டுக்குச் சொல்ல விட்டுப் போச்சு. பேங்க் ரசீது அவங்க பையிலயே இருந்துது. அம்மா எல்லார் முன்னாடியும் லேப்டாப்ல பதிஞ்சாங்க. அந்த அக்கா பக்கத்தைப் புதுப்பிச்சாங்க. "வந்துட்டு"ன்னு ஃபோனை மேலே தூக்கிக் காட்டினாங்க. அப்புறம் பேரேட்டுலயும் எழுதி, தீர்மான நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

இதே வித்தியாசம் ஆறு மாசம் கழிச்சுத் தணிக்கையில வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்லணுமா?

கேள்வி கேட்ட பெரியம்மா போகும்போது என்கிட்ட, "இப்போ புரட்டலாம்ய்யா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.

இனாம் இல்லைங்க

சர்வரை உள்ளே கூட்டிட்டு வந்தா அதோட நோய் நொடியும் உள்ளே வரும். 2020 பிப்ரவரியில டாம்கேட்ல கோஸ்ட்கேட்னு ஒரு ஓட்டையைச் சொன்னாங்க. ஏஜேபின்னு ஒரு இணைப்பு 8009ஆம் போர்ட்ல இயல்பாவே திறந்திருக்கும். அது வழியா உள்ளே இருக்கிற கோப்புகளைப் படிக்க முடிஞ்சுது. பலருக்கு அப்படி ஒரு கதவு இருந்ததே தெரியாது. ஸ்பிரிங் பூட்டுக்குள்ள இருக்கிற டாம்கேட்ல அந்தக் கதவை நாமளா வச்சாத்தான் உண்டு, அதனால அங்கே பெரும்பாலும் பாதிப்பு இல்லை. தேவையானதை மட்டும் உள்ளே வைக்கிறதோட லாபம் இது.

ஆனா 2021 டிசம்பர்ல லாக்4ஜே ஓட்டை வந்தப்போ கதை வேற. அது சர்வர் இல்லை, பதிவு எழுதற லைப்ரரி. ஆனா ஆளாளுக்குத் தன் ஜாருக்குள்ள ஒரு பிரதியைப் பொதிஞ்சு வச்சிருந்தாங்க. எது எந்தப் பெட்டிக்குள்ள இருக்குன்னு தேடவே உலகம் முழுக்க ராத்திரி பகலா உட்கார்ந்தாங்க. பொதுவான ஒரு சர்வர்னா நிர்வாகி ஒரு இடத்துல சரி பண்ணிடுவார். உள்ளே பொதிஞ்சதை எழுதினவன்தான் புதுப்பிச்சுத் திரும்பக் கொடுக்கணும். நான் ஜாவாவோட வர்ற சர்வரையே எடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். ஜாவாவைப் புதுப்பிச்சா அதுவும் புதுசாயிரும்.

அதே மாதிரி நிறுத்துறதும் நம்ம பொறுப்பு. ஜன்னலை மட்டும் மூடிட்டு சர்வரை நிறுத்தாம விட்டா ஜாவா பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். அடுத்த தடவை திறந்தா போர்ட் ஏற்கனவே எடுத்தாச்சுன்னு அடம் பிடிக்கும். மூடும்போது முதல்ல சர்வர், அப்புறம் டேட்டாபேஸ், கடைசியா ஜன்னல்.

இன்னொரு குறையும் இருக்கு. இது சாதாரண ஹெச்டிடிபி. உலாவி 'பாதுகாப்பற்றது'ன்னு மேலே எழுதிக் காட்டும், அது சொல்றது உண்மைதான். ஹாட்ஸ்பாட்டோட கடவுச்சொல்தான் எங்களுக்கு வேலி. ஒரு அறைக்கு, ரெண்டு மணி நேரத்துக்கு இது போதும். ஊர் முழுக்க, இருபத்தி நாலு மணி நேரமும் வேணும்னா இந்தக் குட்டி சர்வர் வேண்டாம், முறையா ஒரு சர்வரும் சான்றிதழும் வச்சுக்கிடுங்க.

ஆனா உங்க ஊர்ல ஒரு பால் சொசைட்டி, ஒரு கோயில் வரிக் கணக்கு, ஒரு நூலகம்னு ஏதாவது ஒரே கணினிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடந்தா, பெரிய செலவுக்குப் போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. கணினி ஒருத்தர் கையில இருக்கலாம், கணக்கு ஒருத்தர் கையில இருக்கக் கூடாது. எழுத ஆரம்பிக்கும்போது எங்க அம்மா கேட்ட கேள்வியை மட்டும் முதல் வரியில வச்சுக்குங்க: ரோட்டுல போறவனும் பாத்துருவானா?

வேற ஒரு விஷயத்தோட அப்புறம் சந்திப்போம்.